பெரிய கோர், சிறிய கோர்: கலப்பு டெஸ்க்டாப் செயலியைத் தேர்ந்தெடுத்து அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கணினிக் கடையின் விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தால், இன்டெல் கோர் ஐ9-13900கே செயலிக்கு நேரே 24 கோர், 32 த்ரெட் என்றும், அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த கோர் அல்ட்ரா 9 285கே செயலிக்கு நேரே 24 கோர், 24 த்ரெட் என்றும், ஏஎம்டி ரைசன் 9 9950எக்ஸ் செயலிக்கு நேரே 16 கோர், 32 த்ரெட் என்றும் போட்டிருக்கும். கோர் என்பது செயலிக்குள் தனித்து வேலை செய்யும் கணக்கிடும் அலகு; த்ரெட் என்பது கோரில் ஓடும் ஒரு வேலை இழை. இம்மூன்றில் எது வலியது என்பதை இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. முதல் இரண்டிலும் உள்ள 24 கோர்களில் எட்டு மட்டுமே முழு வேகக் கோர்கள். மற்ற பதினாறும் உருவில் சிறிய, மின்சாரத்தில் சிக்கனமான கோர்கள். மூன்றாவதில் உள்ள பதினாறும் ஒரே வகை.

புதிதாக டெஸ்க்டாப் கணினி அசெம்பிள் செய்யப் போகிறவர்களையும், கலப்புச் செயலி உள்ள கணினியை ஏற்கெனவே வைத்துக்கொண்டு அது ஏன் சில நேரங்களில் எதிர்பார்த்த வேகத்தைத் தருவதில்லை என்று யோசிப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கலப்புச் செயலியில் கோர்களைக் கூட்டி வரும் தொகைக்குப் பெரிய பொருள் கிடையாது. எந்த வேலை எந்தக் கோரில் ஓடுகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதை நாமே கண்ணால் பார்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றியும் அமைக்கலாம்.

முதல் படி: இரு வகைக் கோர்கள் ஏன் வந்தன என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு கோர் இயங்கும்போது செலவாகும் மின்சாரம், தோராயமாக, மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கிளாக் வேகத்தையும் பெருக்கிவரும் தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். உதாரணத்துக்கு, 4 கிகாஹெர்ட்ஸில் 1 வோல்ட்டில் ஓடும் கோரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற 1.25 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 1.25 மடங்கு கூடியது. மின்னழுத்தத்தின் வர்க்கம் 1.56 மடங்கு கூடியது. பெருக்கினால் மின்செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கால் பங்கு கூடுதல் வேகத்துக்கு இரட்டிப்பு மின்சாரம் என்பதுதான் இதன் விலை. ஒரே ஒரு த்ரெட் ஓடும்போது இந்த விலையைக் கொடுக்கலாம். பதினாறு கோர்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது கொடுக்க முடியாது, ஏனென்றால் வெப்பத்தை வெளியேற்ற வழியிருக்காது.

சிலிக்கான் பரப்பிலும் இதே கதைதான். இன்டெலில் பணியாற்றிய ஃப்ரெட் பொலாக் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு: கோரின் சிக்கலைக் கூட்டினால் கிடைக்கும் செயல்திறன், அதன் பரப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயரும். பரப்பை இரட்டிப்பாக்கினால் சுமார் 1.4 மடங்கு வேகமே கிடைக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய கோர் பிடிக்கும் இடத்தில் அதன் கால்வாசிப் பரப்புள்ள நான்கு கோர்களை வைத்தால், ஒவ்வொன்றும் பெரிய கோரின் பாதி வேகத்தைத் தரும். நான்கும் சேர்ந்தால் இரண்டு மடங்கு வேலை நடக்கும். இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. இன்டெலின் 12ஆம் தலைமுறைச் செயலியின் உட்புறப் படத்தைப் பார்த்தால், நான்கு சிறிய கோர்கள் கொண்ட ஒரு தொகுதி, ஒரு பெரிய கோரின் அளவுக்கு ஏறத்தாழச் சமமான இடத்தைப் பிடித்திருப்பது தெரியும்.

அப்படியானால் சிறிய கோர்களை மட்டுமே அடுக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் குறுக்கே வருகிறது. எந்தப் பணியிலும் பிரித்துக் கொடுக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் அந்தப் பகுதி சுருங்காது. விளையாட்டின் முதன்மை த்ரெட், இணையப் பக்கத்தை வரையும் ஜாவாஸ்கிரிப்ட், ஒரு பெரிய எக்செல் கோப்பின் தொடர் கணக்கு ஆகியவை எல்லாம் அந்த இனம். அவற்றுக்கு ஒற்றை த்ரெட்டில் மிக வேகமாக ஓடும் பெரிய கோர் தேவை. பிரிக்க முடியாத வேலைக்குச் சில பெரிய கோர்கள், பிரிக்க முடிந்த வேலைக்குப் பல சிறிய கோர்கள் என்ற ஏற்பாடு இந்த இரண்டு உண்மைகளும் சந்திக்கும் இடத்தில் பிறந்தது.

வரலாறு சுருக்கமானது. 2011 அக்டோபரில் ஏஆர்எம் நிறுவனம் கைபேசிகளுக்காக இந்த முறையை அறிவித்தது. 2020இல் இன்டெல் ஒரு பெரிய கோரையும் நான்கு சிறிய கோர்களையும் இணைத்து லேக்ஃபீல்ட் என்ற மடிக்கணினிச் செயலியை வெளியிட்டது. அது பரவலாக விற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் எம்1 நான்கும் நான்குமாக வந்தது. டெஸ்க்டாப்பில் இந்த மாற்றம் பெரிய அளவில் நுழைந்தது 2021 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஆல்டர் லேக் என்னும் 12ஆம் தலைமுறையோடுதான். அதன் உச்சியில் இருந்த ஐ9-12900கே செயலியில் எட்டுப் பெரிய கோர்களும் எட்டுச் சிறிய கோர்களும் இருந்தன. பெரியவற்றை பி-கோர் என்றும் சிறியவற்றை இ-கோர் என்றும் இன்டெல் அழைக்கிறது. இனி நாமும் அப்படியே அழைப்போம்.

இரண்டாம் படி: கலப்பிலும் வகைகள் உண்டு, பிரித்தறியுங்கள்

இன்டெலின் பி-கோரும் இ-கோரும் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு நோக்கத்தில் வடிவமைத்த இரண்டு தனிக் கோர்கள். ஆல்டர் லேக்கின் பி-கோரில் ஒரே கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர்-த்ரெடிங் இருந்தது, இ-கோரில் இல்லை. பி-கோரில் ஏவிஎக்ஸ்-512 என்ற அகன்ற கணக்கீட்டுக் கட்டளைகளுக்கான சுற்றுகள் இருந்தன, இ-கோரில் இல்லை. ஒரு புரோகிராம் பி-கோரில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இயங்குதளம் இ-கோருக்கு நகர்த்தினால், அங்கே இல்லாத கட்டளையைச் சந்தித்து அது நின்றுபோகும். அதனால் பி-கோரிலும் அந்தச் சுற்றுகளை முடக்கியே இன்டெல் விற்றது. தொடக்கத்தில் சில மதர்போர்டுகளில் இ-கோர்களை அணைத்துவிட்டு ஏவிஎக்ஸ்-512-ஐ இயக்க முடிந்தது. பின்னர் அந்த வழியும் அடைபட்டது. காசு கொடுத்து வாங்கிய சிலிக்கானின் ஒரு பகுதி பயன்படாமல் கிடப்பது, இந்தக் கலப்பில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லாத அம்சம். இரு வகைக் கோர்களுக்கும் பொதுவான கட்டளைத் தொகுப்பாக ஏவிஎக்ஸ்10 என்பதை இன்டெல் 2023இல் அறிவித்ததற்கு இந்தச் சங்கடமே முக்கியக் காரணம்.

ஏஎம்டி வேறு வழியில் போனது. ஜென் 4 கோரின் வடிவமைப்பை மாற்றாமல், அதே கோரை நெருக்கி அடுக்கி, குறைந்த உச்ச வேகத்துக்கு ஏற்றபடி சிறிய பரப்பில் அமைத்து, ஜென் 4சி என்று பெயரிட்டது. கட்டளைகள் ஒன்றே, ஒரு கிளாக் சுழற்சியில் செய்யும் வேலையும் ஒன்றே, ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓடுவதும் அப்படியே. எட்டக்கூடிய வேகம் மட்டும் குறைவு. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ரைசன் 5 8500ஜி டெஸ்க்டாப் செயலியில் இரண்டு ஜென் 4 கோர்களும் நான்கு ஜென் 4சி கோர்களும் உள்ளன. அதனுடனேயே வந்த 8600ஜி செயலியில் ஆறும் முழு ஜென் 4. இரண்டின் பெட்டியிலும் "6 கோர், 12 த்ரெட்" என்றுதான் இருக்கும். வாங்குபவர் கவனிக்காவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

மூன்றாவதாக ஒரு சமச்சீரின்மையும் உண்டு. ரைசன் 9 7950எக்ஸ்3டி செயலியில் பதினாறு கோர்களும் ஒரே வகை என்றாலும், எட்டுக் கோர்கள் உள்ள ஒரு சில்லின் மேல் மட்டும் கூடுதல் கேஷ் (கோருக்கு அருகிலுள்ள வேக நினைவகம்) அடுக்கப்பட்டிருக்கிறது. கேஷ் அதிகமுள்ள பக்கம் விளையாட்டுக்கும், வேகம் அதிகமுள்ள மற்றப் பக்கம் பிற வேலைகளுக்கும் ஏற்றவை. எந்தப் பக்கம் எந்த வேலை போக வேண்டும் என்ற கேள்வி அங்கும் எழுகிறது.

மூன்றாம் படி: உங்கள் வேலையை அளந்து பாருங்கள்

செயலியைத் தேடுவதற்கு முன், இப்போது இருக்கும் கணினியில் உங்களுடைய கனமான வேலையைத் தொடங்கிவிட்டு, டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி வரைபடம் தெரியும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் உச்சியில் நிற்க, மற்றவை தாழ்ந்தே கிடந்தால், உங்கள் வேலை ஒற்றை த்ரெட் வேகத்தை நம்பியது. எத்தனை இ-கோர் சேர்த்தாலும் அதற்குப் பயனில்லை. எல்லாக் கட்டங்களும் நிரம்பித் தொடர்ந்து அப்படியே நின்றால், இ-கோர்கள் உங்களுக்காகவே செய்யப்பட்டவை. எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தால், அதுதான் கவனமாகக் கையாள வேண்டிய மூன்றாவது வகை. அதை ஒரு கணக்கோடு விளக்குகிறேன்.

ஒரு வேலையை 16 சம துண்டுகளாகப் பிரித்து, எட்டு பி-கோர்களுக்கும் எட்டு இ-கோர்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறோம். ஒரு துண்டை முடிக்க பி-கோருக்கு 10 நொடி, இ-கோருக்கு 16 நொடி ஆகும் என்று கொள்வோம். பத்தாவது நொடியில் பி-கோர்கள் முடித்துவிட்டு ஆறு நொடி சும்மா நிற்கும்; மொத்த வேலை முடிய 16 நொடி. எட்டு பி-கோர்கள் மட்டும் இருந்திருந்தால், ஆளுக்கு இரண்டு துண்டு வீதம் 20 நொடி ஆகியிருக்கும். எட்டு இ-கோர்களைச் சேர்த்ததில் கிடைத்த லாபம் நான்கு நொடி. இப்போது அதே வேலையை 320 சிறு துண்டுகளாக நறுக்கி, முடித்தவர் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், பி-கோர் அரை நொடிக்கு ஒரு துண்டும் இ-கோர் 0.8 நொடிக்கு ஒரு துண்டும் முடிக்கும். நொடிக்கு 16ம் 10மாக 26 துண்டுகள் முடியும். மொத்தம் 12.3 நொடி. கோர்களும் அவையே, வேலையும் அதுவே. பங்கிட்ட விதம் மட்டும் மாறியது.

இன்னொரு படி மேலே போவோம். இ-கோர் ஒரு துண்டுக்கு 20 நொடி எடுத்துக்கொண்டால், சம துண்டுப் பங்கீட்டில் மொத்த நேரம் 20 நொடி. இ-கோர்களே இல்லாமல் ஓட்டியதற்கு இணை. 22 நொடி எடுத்தால், இ-கோர்கள் இருப்பதனாலேயே வேலை தாமதமாகும். சில அறிவியல் கணக்கீட்டுப் புரோகிராம்களில் இ-கோர்களை அணைத்தால் வேகம் கூடுவதாகச் சொல்லப்படுவதன் உண்மை இதுதான்: கடைசியாக வருபவருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டிய வேலை அது. வீடியோ என்கோடிங், பிளெண்டர் ரெண்டரிங், பெரிய மென்பொருளை கம்பைல் செய்வது (மூல நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது) போன்றவற்றில் துண்டுகள் இயல்பாகவே சிறியவையாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருப்பதால் இந்தச் சிக்கல் அரிது.

நான்காம் படி: செயலியின் விவரக்குறிப்பை வரிவரியாகப் படியுங்கள்

பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். ஐ5-12400 செயலியில் ஆறு பி-கோர்கள், இ-கோர் ஒன்றுமில்லை. அதன் வாரிசான ஐ5-13400 செயலியில் அதே ஆறு பி-கோர்களோடு நான்கு இ-கோர்கள் சேர்ந்தன. ஐ7-13700கே எட்டும் எட்டும். ஐ7-14700கே எட்டும் பன்னிரண்டும். ஐ9-13900கே, ஐ9-14900கே இரண்டும் எட்டும் பதினாறும்; இவற்றுக்கிடையே கூடியது வேகம் மட்டுமே. ஆகவே விவரக்குறிப்பில் முதலில் தேட வேண்டியது பி-கோர் எண்ணிக்கை, அடுத்தது இ-கோர் எண்ணிக்கை, அதன் பிறகே த்ரெட்.

த்ரெட் எண்ணிக்கை குறைந்தால் வேகம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் வந்த ஏரோ லேக் வரிசையில் பி-கோர்களிலிருந்து ஹைப்பர்-த்ரெடிங் நீக்கப்பட்டது. அதனால்தான் 285கே செயலியில் 24 கோருக்கு 24 த்ரெட். அதே தலைமுறையில் ஸ்கைமாண்ட் என்ற இ-கோர் பெரிய பாய்ச்சலைக் கண்டது. ஒரே கிளாக் வேகத்தில் முந்தைய டெஸ்க்டாப் இ-கோரைவிட முழு எண் கணக்குகளில் 32 விழுக்காடு கூடுதல் வேலை செய்யும் என்று இன்டெல் கூறியது. பி-கோருக்கு அது சொன்ன முன்னேற்றமோ 9 விழுக்காடுதான். இ-கோரின் உச்ச வேகமும் 12900கே செயலியின் 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 285கே செயலியில் 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்ந்திருக்கிறது. மேலே சொன்ன காத்திருப்புக் கணக்கில் இ-கோர் எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவுக்கு இழப்பு குறையும் என்பதால், இந்த முன்னேற்றத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மின்சார எண்கள் இரண்டு இருக்கும். 13900கே செயலிக்கு அடிப்படை 125 வாட், உச்சம் 253 வாட். 285கே செயலிக்கு 125, 250. எல்லாக் கோர்களும் ஓடும்போது கூலரும் எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்க வேண்டியது இரண்டாவது எண்ணை. கூலர் போதாவிட்டால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் விலை கொடுத்து வாங்கிய இ-கோர்கள் பி-கோர்களின் மின்சாரப் பங்கைப் பறித்துக்கொண்டு ஓடும்.

கேஷ் விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. இன்டெல் இ-கோர்கள் நான்கு நான்காக ஒரு எல்2 (இரண்டாம் நிலை) கேஷைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு தொகுதியில் ஒரே ஒரு த்ரெட் ஓடினால் முழுக் கேஷும் அதற்கே. நான்கும் ஓடினால் பங்குதான்.

ஐந்தாம் படி: மதர்போர்டு, நினைவகம், பயாஸ்

12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் அமரும். அவற்றுக்கு டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 நினைவகம், மதர்போர்டைப் பொறுத்து. ஏரோ லேக் எல்ஜிஏ 1851 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். நினைவகத்தின் அளவைக் கோர் எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கம்பைல் செய்யும்போது ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்வது உண்டு. 24 த்ரெட் ஓடும் கணினியில் 16 ஜிபி மட்டும் இருந்தால், வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை மாற்றி மாற்றி எழுதுவதிலேயே நேரம் போய்விடும்.

13, 14ஆம் தலைமுறைச் செயலி வாங்குபவர்கள், பழையதை வாங்குபவர்கள் குறிப்பாக, பயாஸைப் (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்காமல் பயன்படுத்தக் கூடாது. தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தால் சில செயலிகள் காலப்போக்கில் நிலைகுலைந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் முதல் மைக்ரோகோடு (செயலியின் உட்புற நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் திருத்தம் ஏற்கெனவே சேதமான செயலியைச் சரிசெய்யாது. கைமாறி வரும் செயலி என்றால் அது திருத்தத்துக்கு முன்பு எவ்வளவு காலம் ஓடியது என்று கேளுங்கள்.

ஆறாம் படி: இயங்குதளம் கோர்களை அறிகிறதா என்று சரிபாருங்கள்

இன்டெல் செயலிக்குள் த்ரெட் டைரக்டர் என்ற ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டும் எந்த மாதிரியான கட்டளைகளை ஓட்டுகிறது என்று அது கவனித்து, இந்த வகை வேலைக்கு இந்தக் கோர் இத்தனை வேகம், இத்தனை சிக்கனம் என்ற அட்டவணையை நினைவகத்தில் எழுதி வைக்கிறது. முடிவெடுப்பது அதன் வேலையன்று. அந்த அட்டவணையைப் படித்து த்ரெட்டை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது இயங்குதளத்தின் ஷெட்யூலர். விண்டோஸ் 11 இதற்காகவே திருத்தப்பட்டது. விண்டோஸ் 10-க்கு இந்த அறிவு முழுமையாக இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான ஆதரவும் முடிந்துவிட்டது. கலப்புச் செயலியில் அதை நிறுவ இனி எந்தக் காரணமும் இல்லை. லினக்ஸில் இதற்கான அடிப்படை இயக்கி 5.18ஆம் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்தது. அதற்குப் பின் வந்த கெர்னல்கள் படிப்படியாக மேம்பட்டுள்ளன.

ஹைப்பர்-த்ரெடிங் உள்ள தலைமுறைகளில் வேலைகள் எந்த வரிசையில் நிரம்புகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு பி-கோரிலும் ஒரு த்ரெட், பிறகு இ-கோர்கள், எல்லாம் நிரம்பிய பிறகே பி-கோர்களின் இரண்டாவது த்ரெட். ஏற்கெனவே ஓடும் பி-கோரில் இரண்டாவது த்ரெட்டை நெருக்கிக் கிடைக்கும் கூடுதல் வேலையைவிடத் தனியொரு இ-கோர் அதிக வேலை செய்யும் என்பதே இதன் நியாயம்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளையை விரிவான பட்டியல் தரும் தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். 12900கே செயலியில் 0 முதல் 23 வரை வரிசைகள் வரும். முதல் பதினாறு வரிசைகளில் கோர் எண் இரண்டிரண்டாகத் திரும்ப வரும். ஒரு பி-கோருக்கு இரண்டு த்ரெட் என்பதன் அடையாளம் அது. கடைசி எட்டு வரிசைகளில் கோர் எண் திரும்பாது, உச்ச வேகப் பத்தியில் 3900 என்று இறங்கியிருக்கும், எல்2 கேஷ் எண் நான்கு வரிசைகளுக்கு ஒன்றாக ஒரே மாதிரி நிற்கும். நான்கு இ-கோர் ஒரு தொகுதி என்று மேலே படித்ததை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஆனால் இந்த எண் வரிசையை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவென்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். வெப்பம் ஒரே இடத்தில் தேங்காமல் இருக்க ஏரோ லேக்கில் பி-கோர்களுக்கிடையே இ-கோர்த் தொகுதிகளை இடைவிட்டு அமைத்திருக்கிறார்கள்; எண்கள் எப்படி விழுகின்றன என்பதை ஒவ்வொரு கணினியிலும் பார்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: வேலையை உரிய கோரில் வையுங்கள்

பெரும்பாலான நாள்களில் இந்தப் படி தேவைப்படாது. தேவைப்பட்ட ஒரு நாளைச் சொல்கிறேன். ஒரு நீண்ட வீடியோவை ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டு, அந்தச் சாளரத்தைச் சுருக்கி வைத்து, பிரவுசரில் வேறு ஒன்றைப் படிக்கத் தொடங்கினேன். மீதி நேரம் திடீரென்று கூடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பி-கோர்களின் கட்டங்கள் தரையோடு படுத்திருக்க, இ-கோர்களின் எட்டுக் கட்டங்களும் உச்சியைத் தொட்டு நின்றன. சாளரத்தை மறுபடி முன்னால் கொண்டுவந்தவுடன் பி-கோர்கள் நிரம்பின. பின்னணியில் இருக்கும் மென்பொருள் அவசரமில்லாதது என்று இயங்குதளம் எடுத்துக்கொண்டதன் விளைவு அது. மென்பொருளோ செயலியோ பழுதாகவில்லை. என் அவசரத்தை இயங்குதளத்துக்கு நான் சொல்லவில்லை.

இதற்கு மென்மையான தீர்வை முதலில் முயலுங்கள். விண்டோஸின் மின்சார அமைப்பை அதிகச் செயல்திறன் நிலைக்கு மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளுக்குச் சிக்கன நிலை இயக்கப்பட்டிருந்தால் அணையுங்கள். முன்னுரிமையை இயல்புக்கு ஒரு படி மேலே வையுங்கள். இவற்றால் தீராவிட்டால் மட்டும், விவரங்கள் பக்கத்தில் வலது கிளிக் செய்து, எந்தக் கோர்களில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் அஃபினிட்டி அமைப்புக்குப் போங்கள். அது கண்டிப்பான கட்டளை. பி-கோர்களில் மட்டும் ஓடு என்று சொல்லிவிட்டால், இ-கோர்கள் காலியாக இருந்தாலும் அந்த மென்பொருள் அவற்றைத் தொடாது. மொத்த வேகம் குறையவும் கூடும்.

லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளை அதே வேலையைச் செய்யும். பி-கோர்கள் எவை என்ற எண் பட்டியலைக் கெர்னல் தன் சாதனக் கோப்புகளில் சிபியு-கோர் என்ற அடைவிலும், இ-கோர்களை சிபியு-ஆட்டம் என்ற அடைவிலும் எழுதி வைத்திருக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பலன் தந்த பயன்பாடு எதிர்த்திசையிலானது: வேகம் வேண்டியதை பி-கோருக்குத் தள்ளுவதைவிட, அவசரமில்லாத காப்பு நகலெடுப்பையும் கோப்புத் தேடல் அட்டவணைப் பணியையும் இ-கோர்களுக்குள் அடைத்துவிட்டால், பி-கோர்கள் தாமே விடுபடுகின்றன.

மெய்நிகர் இயந்திரம் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தன் கோர்களில் எது பெரியது, எது சிறியது என்று பொதுவாகத் தெரியாது. எல்லாம் சமம் என்றே நினைத்து வேலையைப் பங்கிடும். ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுக்கும் கோர்கள் அனைத்தும் ஒரே வகையாக இருக்கும்படி பொருத்திவிடுங்கள். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள், ஓபன்எம்பி போன்ற, வேலையைக் கோர்களுக்குப் பங்கிடும் நிரலாக்கக் கருவிகளில் சமப் பங்கீட்டை விட்டுவிட்டு, முடித்தவர் அடுத்ததை எடுக்கும் பங்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் படியில் 16 நொடி 12.3 ஆனது அந்த ஒரு மாற்றத்தால்தான்.

எட்டாம் படி: இ-கோர்களை அணைக்க வேண்டுமா?

ஆல்டர் லேக் வந்த புதிதில், சில விளையாட்டுகளின் நகல் தடுப்பு மென்பொருள் இ-கோர்களை வேறொரு கணினி என்று தவறாகக் கருதி விளையாட்டை நிறுத்தியது. அதற்காக ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்தினால் இ-கோர்கள் ஒதுங்கும்படி பயாஸில் ஒரு வசதியே கொடுத்தார்கள். அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டாலும், இ-கோர்களை அணைத்தால் கணினி வேகமாகும் என்ற பேச்சு மட்டும் இன்னும் நிலைத்திருக்கிறது. யாருடைய பேச்சையும் கேட்டு அணைக்காதீர்கள். உங்கள் வேலையை அப்படியே மூன்று முறை ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். பயாஸில் அணைத்து மீண்டும் மூன்று முறை ஓட்டுங்கள். அறையின் வெப்பநிலை, திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபாடு மூன்று ஓட்டங்களுக்குள் வரும் இயல்பான ஏற்றத்தாழ்வைவிடக் குறைவாக இருந்தால், அணைக்காமல் விட்டுவிடுவதே சரி.

ஒன்பதாம் படி: வரப்போவதற்குக் காத்திருப்பதா, வாங்குவதா?

இன்டெலின் அடுத்த டெஸ்க்டாப் வரிசையான நோவா லேக் 2026இன் பிற்பகுதியில் வரும் என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஏஎம்டி தன் ஜென் 6 வடிவமைப்பின் சர்வர் செயலியான வெனிஸை டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் முறையில் செய்வதாக அறிவித்திருக்கிறது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்றும் கூறியிருக்கிறது. மடிக்கணினிகளில் 2023 டிசம்பரில் வந்த மீட்டியர் லேக்கிலேயே பி-கோர், இ-கோர் இரண்டுக்கும் கீழே மிகச் சிக்கனமான மூன்றாவது வகைக் கோர் சேர்ந்துவிட்டது. அந்த மூன்றடுக்கு டெஸ்க்டாப்புக்கும் வந்தால், கோர்களின் கூட்டுத்தொகை இன்னும் பெரிதாகவும் இன்னும் பொருளற்றதாகவும் ஆகும். கசிந்ததாக உலவும் கோர் எண்ணிக்கைகளைப் படிக்கும்போது, அவற்றை வகைவாரியாகப் பிரித்து எழுதி, மூன்றாம் படியில் நீங்கள் அளந்த உங்கள் வேலைக்கு அதில் எந்த எண் பொருந்தும் என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் வேலை ஒற்றை த்ரெட்டை நம்பியதென்றால், காத்திருப்பதால் கிடைக்கும் லாபம் ஒரு தலைமுறைக்குச் சிறிதளவே. இன்றே நல்ல பி-கோர்கள் உள்ள நடுத்தரச் செயலியை எடுக்கலாம். எல்லாக் கோர்களையும் நிரப்பும் வேலையென்றால், மின்கட்டணத்தையும் கூலரையும் சேர்த்துப் பார்த்து, புதிய வரிசையின் சோதனை முடிவுகள் வரும்வரை பொறுப்பது தகும்.

12ஆம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதே எல்ஜிஏ 1700 மதர்போர்டில் ஐ7-14700கே போன்ற செயலியைப் பொருத்தினால், புதிய நினைவகமும் மதர்போர்டும் வாங்காமலேயே எட்டு பி-கோர்களும் பன்னிரண்டு இ-கோர்களும் கிடைக்கும். முதலில் மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் அந்தச் செயலி இருக்கிறதா, மின்சுற்று 253 வாட்டைத் தாங்குமா என்று பாருங்கள். பிறகு பழைய செயலி பொருத்தப்பட்டிருக்கும்போதே பயாஸைக் கடைசிப் பதிப்புக்குப் புதுப்பியுங்கள். கழற்றிய பிறகு செய்யலாம் என்று விட்டால், பல மதர்போர்டுகள் புதிய செயலியை அடையாளம் காணாமல் திரையே வராது. புதுப்பித்து, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, பதிப்பு எண்ணைத் திரையில் பார்த்து உறுதிசெய்த பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுங்கள்.